செங்கல் வைத்தால் கூரை நிற்குமா?

கேள்வி: மணலி புதுநகரில் எங்கள் மொட்டை மாடியில் 20 அடிக்கு 10 அடி தகரக் கொட்டகை இருந்தது. போன மாதம், மழை தொடங்குமுன்பே அடித்த காற்றில் ஷீட்டுகள் பிய்ந்து பக்கத்துத் தெருவில் விழுந்தன. மேலே செங்கல், மணல் மூட்டை வைத்திருந்தும் பயனில்லை. திரும்பப் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: செங்கல்லை மறந்துவிடுங்கள். அது கூரையைக் காப்பாற்றாது. தெருவில் போகிறவர் தலையில் விழும்.

காற்று கூரையைத் தள்ளுவதைவிடத் தூக்குவதே அதிகம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், உங்கள் கூரைப் பரப்பின்மீது ஏறத்தாழ 850 கிலோ அளவுக்கு விசை வரக்கூடும். ஷீட்டுகளின் எடையோ நூறு கிலோகூடத் தேறாது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. சென்னைக் கட்டடங்களுக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். மூட்டையை வைத்து இதைச் சமாளிக்க முடியுமா?

ஆகவே, கட்ட வேண்டும். ஷீட்டைச் சட்டத்தோடு, சட்டத்தைக் காலோடு, காலைத் தளத்தோடு. பெரும்பாலும் கடைசிக் கண்ணிதான் விட்டுப்போகிறது. கால்களை நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவரில் புதைத்தால் சுவரும் சேர்ந்து போகும். காலுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து, அதைக் காங்கிரீட் தளத்துக்குள் இறங்கிப் பிடிக்கும் அங்கர் போல்ட்டால் முடுக்கச் சொல்லுங்கள். காற்று கூரையைத் தூக்கும் விசை ஓரங்களிலும் மூலைகளிலும்தான் கடுமை; அங்கே திருகாணிகள் நெருக்கமாக, அகலமான வாஷருடன் வேண்டும். நிழலுக்காக மூன்றடி நீட்டிவிடும் ஆசையையும் விடுங்கள், ஓரடி போதும்.

மேற்குப் பக்கத்தை மட்டும் திறந்துவைத்து மற்ற மூன்றையும் அடைப்பது மோசம்; உள்ளே புகும் காற்று வெளியேற வழியின்றிக் கூரையைக் கீழிருந்து தள்ளும். கோடை மாலையில் திருவள்ளூர்ப் பக்கம் திரளும் இடிமேகங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் கடலை நோக்கி வருகின்றன. மேகத்துக்குள் மழையால் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே விழுந்து, தரையில் மோதிப் பரவுகிறது. மழையை முந்திக்கொண்டு உங்களைத் தாக்கியது அதுதான். புழுக்கத்தின் நடுவே திடீரென்று மேற்கிலிருந்து சில்லென்று புழுதிக்காற்று வீசினால் சில நிமிட அவகாசமே இருக்கிறது. துணி எடுக்கக்கூட மாடிக்குப் போகாதீர்கள். மின்னலும் கூடவே வரும்.

விழுந்த ஷீட்டுகளை நிமிர்த்தி மாட்டினால் பழைய ஓட்டைகளில் திருகாணி போட விடாதீர்கள். அவை இழுபட்டு அகன்றிருக்கும். வேலையாள் "பிடித்துக்கொள்ளும் சார்" என்றுதான் சொல்வார்.