முதுகெலும்பு இருக்கா, இல்லையா: உங்க கேள்விகளுக்கு பதில்

கே: பாம்பு இப்படி வளையுதே, முதுகெலும்பு இல்லதானே?
ப: இருக்கு. நமக்கு 33 முள்ளெலும்புன்னா அதுக்கு 200லேருந்து 400 வரைக்கும். அத்தனை துண்டா இருக்கறதாலதான் வளையுது.

கே: ஆமை, நத்தை ரெண்டுக்கும் ஓடு இருக்கு. ஒரே வகையா?
ப: இல்லவே இல்ல. ஆமை ஓட்டோட அதோட விலா எலும்பும் முதுகெலும்பும் ஒட்டிப்போயிருக்கு, ஓட்ட விட்டு வெளிய வரவே முடியாது. நத்தை ஓடு உடம்புலேருந்து சுரந்து இறுகின சுண்ணாம்பு, உள்ள ஒரு எலும்பும் கிடையாது. எத்தனை தடவ சொன்னாலும் போதல, வெளிய கெட்டியா இருக்கறத வச்சு முடிவு பண்ணாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க.

கே: சுறாவுக்கு எலும்பே இல்லையாம், அப்போ முதுகெலும்பில்லாததுதானே?
ப: பாதி படிச்சுட்டு கேக்கறீங்க. எலும்புக்குப் பதிலா, மெத்துனு வளையற குருத்தெலும்புல முதுகுத்தண்டு இருக்கு. முதுகெலும்பிதான்.

கே: முதுகெலும்பில்லாததெல்லாம் வளர்ச்சி குறைஞ்ச உயிர்கள், சரிதானே?
ப: தப்பு, இந்தக் கேள்வி வராத மாசமே இல்ல. ஆக்டோபஸுக்கு மூணு இதயம், சுமார் 50 கோடி நரம்பு செல், அதுல மூணுல ரெண்டு பங்கு கைகள்லயே இருக்கு, அதனால ஒவ்வொரு கையும் மூளைய எதிர்பார்க்காமலே தடவிப் பாத்து இரை தேடும், இதப் போய் வளர்ச்சி குறைஞ்சதுன்னா என்ன அர்த்தம்? விலங்கினங்கள்ல 100க்கு 95க்கு மேல முதுகெலும்பில்லாததுதான். அதுங்க எல்லாம் ஒரே குடும்பமும் கிடையாது. கருவுல முதல்ல வர்ற துளை நமக்கும், மீனே இல்லாத, முதுகெலும்பும் இல்லாத நட்சத்திர மீனுக்கும் ஆசனவாய்ப் பக்கமா அமையுது, ஆக்டோபஸுக்கு அப்படி இல்ல, அதனால நட்சத்திர மீன் ஆக்டோபஸ விட நமக்குத்தான் நெருங்கின சொந்தம். ஒரு உறுப்பு இல்லங்கறத மட்டும் வச்சு இத்தனையையும் ஒரே மூட்டையா கட்டி, அதுக்கு மேல மட்டம்னு வேற எழுதி ஒட்டாதீங்க.

கே: முதுகெலும்பு தவிர வேற வித்தியாசம்?
ப: நமக்கு முக்கிய நரம்பு முதுகுப்பக்கம், இதயம் முன்பக்கம். பூச்சிக்கு அப்படியே தலைகீழ், இதயம் முதுகுல, நரம்பு வயித்துப்பக்கம்.

கே: நண்டு ஓடு கூடவே வளருமா?
ப: வளராது, கழட்டிப் போட்டுடும். பழைய ஓடு பின்னாடி பிளக்கும், நண்டு பின்பக்கமாவே நழுவி வெளிய வந்து, தண்ணிய உறிஞ்சி உப்பி, புது ஓடு இறுகற வரைக்கும் மெத்துனு ஒளிஞ்சு கிடக்கும்.

கே: வீட்டுல ஒண்ணு ஓடுச்சு, முதுகெலும்பு இருக்குமா?
ப: கால் எத்தனைன்னு கூட எழுதலயே! நாலுக்கு மேல இருந்தா கண்டிப்பா இல்ல. எண்ணிட்டு எழுதுங்க.