மாமல்லபுரத்தில் மாடி எடுக்கலாமா?

கேள்வி: மாமல்லபுரத்தில், மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள மண்டபத்திலிருந்து 80 மீட்டர் தூரத்தில் எங்கள் ஓட்டு வீடு உள்ளது. ஒழுகும் கூரையைச் சீரமைத்து, மேலே மாடி எடுக்கலாமா?

பதில்: கூரையை அனுமதி பெற்றுச் சீரமைக்கலாம், மாடி எடுக்க முடியாது. 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். சின்னங்கள் நெருங்கி நிற்கும் மாமல்லபுரத்தில் ஒரு வட்டத்தைத் தாண்டுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடுவதால், குடியிருப்போருக்கு இது சுமைதான். வீடு 16.6.1992-க்கு முன்பே இருந்தது என்பதைக் காட்டும் வீட்டு வரி ரசீது போன்ற ஆவணங்களுடன் பழுதுபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். உள்ளாட்சியின் கட்டட அனுமதி மட்டும் போதாது. தடையை மீறிக் கட்டினால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.