செய்திக்குறிப்பை இப்போது வாசிப்பவர் யார்?

கேள்வி: மக்கள் தொடர்புத் துறையில் சேரவிருக்கிறேன். பயிற்சியில் செய்திக்குறிப்பு எழுதத்தான் அதிகம் கற்றுத் தருகிறார்கள். எல்லாமே சமூக வலைத்தளங்களில் வந்துவிடும் காலத்தில் அதனால் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்கள் என்பது மாறிவிட்டது. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில், பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் ஆலோசகர் ஐவி லீ, வதந்தி முந்திக்கொள்ளும் முன் நிறுவனமே நடந்ததைச் சொல்லட்டும் என்று எழுதி நிருபர்களிடம் கொடுத்த அறிக்கையைத்தான் முதல் செய்திக்குறிப்பு என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். அதன் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் செய்திக்குறிப்புக்கு உண்மையான வாசகர் ஒருவரே: செய்தி மேசையில் அமர்ந்திருந்த உதவி ஆசிரியர். தற்புகழ்ச்சியை அடித்துவிட்டு, மழுப்பலான இடத்தில் தொலைபேசியில் விளக்கம் கேட்டு, மறுநாள் காலை வாசிக்கத் தகுந்ததாக அதை மாற்றித் தந்தவர் அவர்தான். நிறுவனங்களுக்கு அவர் செய்த உதவியை அவர் இருந்தவரை யாரும் உணரவில்லை.

இன்று அந்தக் குறிப்பு பாதிக்கப்பட்டவரின் கைப்பேசிக்கே நேராகப் போகிறது. 2017 ஏப்ரல் 9 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானமொன்றில், இருக்கையை விட்டுத்தர மறுத்த பயணியைப் பாதுகாப்பு அலுவலர்கள் தரையில் இழுத்துச் சென்றார்கள். சக பயணிகள் எடுத்த காணொளிகள் உடனே உலகெங்கும் பரவின. மறுநாள் தலைமை நிர்வாகி ஆஸ்கார் முனோஸ் வெளியிட்ட அறிக்கை, இந்த வாடிக்கையாளர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்கு வருந்துவதாகக் கூறியது. அலுவலகக் கோப்பில் அந்தச் சொற்றொடர் யார் கண்ணையும் உறுத்தியிருக்காது. வாயில் ரத்தத்தோடு ஒருவர் இழுபடுவதைச் சற்றுமுன் பார்த்தவர்கள் அதை வாசித்தபோதுதான் கோபம் இரட்டிப்பானது. ஏப்ரல் 11 அன்று அவர் முழுமையாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. எனவே எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். எழுதியதை அனுப்புமுன், காணொளியைப் பார்த்துவிட்டு வந்தவரின் கண்ணால் ஒருமுறை வாசியுங்கள். என்னைக் கேட்டால் பயிற்சியின் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம்.

கேள்வி: சம்பவ இடத்தில் இருப்பவர்களே படம் எடுத்துப் போட்டுவிடும்போது நிருபருக்கு என்ன வேலை மிச்சம்?

பதில்: 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் பயணிகள் விமானம் இறங்கியபோது, மீட்கச் சென்ற படகிலிருந்த ஒருவர் கைப்பேசியில் எடுத்து ட்விட்டரில் பகிர்ந்த படம் உலகைச் சுற்றி வந்தது. முதலில் சொல்வது என்ற பெருமை அன்றோடு நிருபரின் கையைவிட்டுப் போயிற்று என்றே கொள்ளலாம். மிஞ்சியிருப்பது சரிபார்க்கும் வேலை. அது எளிதன்று: அந்தப் படம் இதற்கு முன் எங்காவது வெளிவந்ததா, பெயர்ப்பலகையின் எழுத்தும் நிழல் விழும் திசையும் சொல்லப்படும் இடத்துக்கும் நேரத்துக்கும் பொருந்துகின்றனவா, முதலில் பகிர்ந்தவர் உண்மையில் அங்கே இருந்தாரா என்று ஒவ்வொன்றாகத் துருவிப் பார்க்க வேண்டும். பெயர் பெற்ற கணக்கு என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது. 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றியவர்கள், வெள்ளை மாளிகையில் குண்டுவெடித்து அதிபர் ஒபாமா காயமடைந்தார் என்று ஒரு வரி எழுதினார்கள். அமெரிக்கப் பங்குச்சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, சில நிமிடங்களில் மீண்டது. அன்று அந்தக் கணக்கில் இருந்த நீலக்குறி அடையாளச் சோதனைக்குப் பின் வழங்கப்பட்டது. 2022 நவம்பர் முதல் பணம் கட்டியவர்களுக்கும் அதே குறி கிடைக்கத் தொடங்கியதால், அதைப் பார்த்து நம்பிக்கை வைக்கும் வழக்கத்தை நிருபர்கள் கைவிட வேண்டியதாயிற்று.

கேள்வி: நிறுவனத் தலைவர் தம் சொந்தப் பக்கத்தில் எழுதுவது அதிகாரபூர்வ அறிவிப்பு ஆகுமா?

பதில்: அமெரிக்காவில் ஆகலாம். நெட்ஃபிளிக்ஸின் அன்றைய தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், ஜூன் மாதத்தில் சந்தாதாரர்கள் பார்த்த நேரம் 100 கோடி மணியைத் தாண்டியதாக 2012 ஜூலையில் தம் ஃபேஸ்புக் பக்கத்தில் மட்டும் எழுதியதால் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் விசாரணை நடத்தியது. எந்தப் பக்கத்தில் அறிவிப்போம் என்று முதலீட்டாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் சமூக வலைத்தளத்தில் வெளியிடலாம் என்று 2013 ஏப்ரலில் ஆணையம் தெளிவுபடுத்தியது. பிற நாடுகளில் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் திட்டி எழுதும் பின்னூட்டங்களை நீக்கிவிடலாமா?

பதில்: வசையையும், தனிமனிதர்களின் தொலைபேசி எண் போன்றவற்றையும் நீக்குங்கள். குறையை நீக்காதீர்கள், நீங்கள் நீக்குமுன்பே அது திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) யாரிடமாவது சேமிக்கப்பட்டிருக்கும், பிறகு குறையை விட்டுவிட்டு அதை நீக்கியதைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். உங்களிடம் பதில் இல்லாவிட்டாலும், விசாரித்துக்கொண்டிருக்கிறோம், இத்தனை மணிக்குள் சொல்கிறோம் என்று எழுதி, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வாருங்கள்.