நான்கு மணி நேரம் என்று எழுதப்பட்ட வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கிராம அஞ்சல் ஊழியர்களுக்கு வேலை அதிகம், கூலி குறைவு என்று நீங்கள் எழுதியிருந்ததில் மிகை இருப்பதாக எனக்குத் தோன்றியது. எங்கள் ஊருக்கு வரும் தபால்காரர் பதினொரு மணிக்கு மேல்தான் வருகிறார். ஒரு மணிக்குப் பிறகு அவரைத் தெருவில் பார்க்க முடிவதில்லை. கடிதம் எழுதுவோரே அருகிவிட்ட காலத்தில், நான்கு மணி நேர வேலைக்கு இதைவிட அதிகமாக என்ன கொடுக்க முடியும்? சென்ற மாதம் எனக்கு வந்த வங்கி அட்டைகூட ‘ஆள் இல்லை’ என்று திரும்பிப் போயிற்று.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் தெருவில் தென்படும் நேரத்தைக் கொண்டு அவருடைய வேலை நாளை அளக்கிறீர்கள். கிராமத்தில் இருக்கும் சிறிய கிளை அஞ்சலகத்தில் வேலை, தபால் பை வந்து சேர்வதில் தொடங்குகிறது. அதற்கு மேலுள்ள துணை அஞ்சலகத்திலிருந்து பை வரும் பேருந்து தாமதமானால் அன்றைய பொழுது முழுவதும் தள்ளிப்போகும். முத்திரை உடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பையைப் பிரித்து, உள்ளிருக்கும் சீட்டோடு ரொக்கத்தையும் விரைவுத் தபால்களையும் சரிபார்த்து, தேதி முத்திரை குத்தி, தெருவாரியாக அடுக்கிய பிறகே அவர் வண்டியை எடுக்கிறார். திரும்பி வந்ததும் கொடுபடாதவற்றுக்குக் காரணம் எழுதி, கணக்கை முடித்து, மறுபடியும் பை கட்ட வேண்டும். ஒரே ஆள் இருக்கும் அஞ்சலகங்களில் இவை அனைத்தும் அந்த ஒருவருடைய பொறுப்பே.

கடிதங்கள் குறைந்துவிட்டன என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதனால் வேலை குறைந்துவிட்டது என்று நீங்கள் முடிவு கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நலம் விசாரித்து வந்த அஞ்சலட்டையைத் திண்ணையில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடலாம். நகைக்கடன் ஏல அறிவிப்பையும் நீதிமன்ற அழைப்பாணையையும் அப்படிப் போட முடியாது. இன்று பையில் இருப்பவற்றில் கணிசமானவை ஆளைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டியவை. நண்பகலில் கிராமத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள்? ஒருவர் வயலில் இருப்பார்; இன்னொருவர் நூறுநாள் வேலைக்காக ஏரிக்கரையில் நிற்பார். கதவு எண்ணே இல்லாத முகவரியில், ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் ஊரில், தந்தை பெயரின் முதலெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, அவர் இருக்கும் இடத்துக்கே போய்க் கொடுத்துவிட்டு வருகிற ஊழியர்கள் இருக்கிறார்கள். இந்த அலைச்சல் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பணம் சார்ந்த வேலை வேறு சேர்ந்திருக்கிறது. இந்திய அஞ்சல் கட்டண வங்கி 2018 செப்டம்பர் 1 அன்று தொடங்கப்பட்ட பிறகு, ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு வீட்டு வாசலிலேயே பணம் எடுத்துக் கொடுக்கும் வசதி வந்தது. நல்ல வசதிதான். ஆனால் ஆயுள் முழுவதும் நாற்று நட்டும் மண் சுமந்தும் ரேகை தேய்ந்துபோன மூதாட்டியின் விரலைக் கருவி எளிதில் ஏற்றுக்கொள்ளாது. விரலைத் துடைத்து, அடுத்த விரலை வைக்கச் சொல்லி, அலைபேசியில் சிக்னல் கிடைக்கும் வரை காத்திருந்து, அது தோற்றால் மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு நகர வேண்டும். செல்வமகள் சேமிப்பு, கிராமிய அஞ்சல் ஆயுள் காப்பீடு என்று ஆள் சேர்க்கச் சொல்லி மேலிருந்து வரும் இலக்குகள் தனி. தபால் பையைத் தூக்கத் தெரிந்தவருக்குக் காப்பீடு விற்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்தார்களோ!

நீங்கள் சொல்லும் நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வெள்ளையர் ஆட்சியில் பள்ளி ஆசிரியர், கடைக்காரர் போன்ற வேறு வருமானம் உள்ளவர்களிடம் ஓய்வு நேரப் பணியாகக் கிராமத்து அஞ்சலை ஒப்படைத்தார்கள். அவர்களைத்தான் ‘ஈ.டி.’ (எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல், அதாவது துறைக்குப் புறம்பானவர்) என்று ஊரில் சொன்னார்கள். 2001-இல் அந்தப் பெயர் கிராமிய அஞ்சல் சேவகர் என்று மாறியது. பெயர் மாறினாலும் பழைய ஏற்பாடு அப்படியே நிற்கிறது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அவருக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும், மற்ற அரசு ஊழியருக்குச் சமமாக அவரைக் கருத முடியாது என்கின்றன விதிகள். இவர்கள் வகிப்பது அரசின் குடிமைப் பதவியே என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் சொன்ன பிறகும், துறையின் நிரந்தர ஊழியருக்கு உரிய ஊதிய விகிதம் இவர்களுக்கு வரவில்லை. 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, நாளொன்றுக்கு நான்கு மணி நேர வேலைக்குக் கிளை அஞ்சல் அதிகாரியின் தொடக்க மாதப் படி 12,000 ரூபாய், உதவியாளருக்கு 10,000 ரூபாய், அகவிலைப்படி தனி. காலையில் பை, பகலில் தெரு, பிற்பகலில் கணக்கு என்று பொழுது துண்டு துண்டாகிவிடும்போது, விதி எதிர்பார்க்கும் அந்த வேறு வருமானத்தை அவர் எப்போது ஈட்டுவார்? வேலையை முழுப் பொழுதுக்கும் பரப்பிவிட்டுக் கூலியை மட்டும் அரைப் பொழுதுக்குக் கொடுப்பதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வங்கி அட்டை திரும்பிய விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் வீட்டில் இருந்தும் ‘ஆள் இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தால் அது தவறுதான். சம்பளக் குறைவு அதற்குச் சமாதானம் ஆகாது. வங்கியிடம் அந்தத் தபாலின் பதின்மூன்று இலக்கக் குறியீட்டைக் கேட்டு வாங்கி, அஞ்சல் துறையின் தளத்தில் எந்தத் தேதியில் என்ன காரணம் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அன்று வீட்டில் இருந்தீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் உங்கள் பகுதி அஞ்சல் உட்கோட்ட ஆய்வாளருக்கு எழுதுங்கள். அட்டையை மறுபடி அனுப்பச் சொல்லும்போது முகவரியில் தெருப் பெயரோடு தந்தை பெயரும் அலைபேசி எண்ணும் இருக்கும்படி வங்கியிடம் திருத்திக் கொடுத்துவிடுங்கள்.