மதமும் சட்டமும் இருக்கும்போது அறவியல் என்று தனியாக ஒரு துறை எதற்கு?

அம்பாசமுத்திரத்தில் வளர்ந்தவன் என்பதால் எங்கள் பக்கத்துக் கதை ஒன்றிலிருந்தே விடையைத் தொடங்குகிறேன். தாமிரபரணியிலிருந்து பிரிந்து சேரன்மகாதேவிப் பக்கம் பாயும் கன்னடியன் கால்வாயை வெட்டியவர் ஓர் ஏழை அந்தணர் என்றும், கன்னட மன்னர் ஒருவர் தானமாகக் கொடுத்த செல்வத்தை அவர் ஓர் அர்ச்சகரிடம் நம்பி ஒப்படைத்துச் சென்றார் என்றும் என் ஆச்சி சொல்வார். திரும்பி வந்து கேட்டபோது அர்ச்சகர் ஏமாற்றினார். எங்கள் ஊர்ச் சிவன் காசிபநாதர் சந்நிதியில் சத்தியம் செய்யச் சொன்னதும், சுவாமியை முன்கூட்டியே ஒரு புளியமரத்தில் ஆவாகனம் செய்து, அதாவது மந்திரத்தால் அதில் எழுந்தருளச் செய்து வைத்துவிட்டு, வெறுமையான சந்நிதியில் துணிந்து பொய்ச்சத்தியம் செய்தார். பிறகு அந்த மரத்தையே தொட்டுச் சத்தியம் செய்ய நேர்ந்தபோது எரிந்துபோனார். அதனால்தான் சுவாமிக்கு எரித்தாட்கொண்டார் என்று பெயர்.

"மரத்தத் தொடச் சொல்லாமலே விட்டிருந்தா?" என்று ஒருமுறை கேட்டேன். "அப்பவும் அந்த முதலு நம்பிக் குடுத்தவருடையதுதானலே" என்றார் ஆச்சி.

அறவியல் தொடங்குவது அந்த இடத்தில்தான். தண்டனை என்ன என்பதை மதம் சொல்லும். எதை நிரூபிக்க முடியும் என்பதைச் சட்டம் பார்க்கும். தண்டனையும் சாட்சியும் இல்லாதபோதும் ஒரு செயல் தவறாகுமா, ஆகுமென்றால் எதனால் என்று காரணம் கேட்பது அறவியல். தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, அது புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா என்று பிளேட்டோவின் 'யூதிப்ரோ' என்ற உரையாடல் நூலில் சாக்ரடீஸ் கேட்பதும் இதற்கு மிக நெருங்கிய கேள்வியே.

ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1788இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்கொண்ட உதாரணமும் அடைக்கலப் பொருள்தான் என்று படித்தபோது எனக்கு ஆச்சியின் நினைவு வந்தது. ஒருவர் என்னிடம் பொருளை ஒப்படைத்துவிட்டு இறந்துவிட்டார், எழுத்துச் சான்று ஏதும் இல்லை. நான் அதை வைத்துக்கொள்ளலாமா? சான்றில்லாத அடைக்கலத்தை யார் வேண்டுமானாலும் மறுக்கலாம் என்பதை எல்லோருக்குமான விதியாக்கினால், பொருளை ஒப்படைக்கும் வழக்கமே உலகில் இராது என்பதால் அந்த விதி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் என்கிறார் கான்ட்.

ஆங்கிலத் தத்துவவாதிகளான பெந்தாமும் மில்லும் ஒரு செயல் சரியா என்பதை முடிவுசெய்ய அதன் விளைவைப் பார்ப்பார்கள். இங்கே ஒரு கடினமான சிக்கல் எழுகிறது: மறைத்த செல்வத்தைக் கொண்டு அர்ச்சகரே கால்வாயை வெட்டியிருந்தால், அதே வயல்களில் அதே நெல் விளைந்திருக்கும், அப்போது அவர் செய்தது சரியாகிவிடுமா? நம்பிக்கை குலைவதும் ஒரு தீய விளைவுதானே என்று அவர்கள் தரப்பில் சொல்லலாம். ஆனால் யாருக்குமே தெரியாமல் போயிருந்தால் அந்த விடை நிற்காது என்பது என் கருத்து. அரிஸ்டாட்டில் வழியில் வருபவர்களோ, இப்படியொரு திட்டத்தைத் தீட்டும் மனிதர் எத்தகைய குணத்தைத் தமக்குள் வளர்த்துக்கொண்டிருக்கிறார் என்பதிலிருந்து தொடங்குவார்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: 'தவறு' என்ற சொல் உலகிலுள்ள ஓர் உண்மையைக் குறிக்கிறதா? அது பேசுபவரின் உணர்ச்சி வெளிப்பாடு மட்டுமே என்று ஆங்கிலத் தத்துவவாதி ஏ.ஜே. ஏயர் 1936இல் வாதிட்டார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. நடந்தவை அனைத்திலும் ஒத்த கருத்துடைய இருவர், அர்ச்சகர் செய்தது சரியா என்று இன்றும் காரணம் காட்டி வாதிட முடிகிறது. உணர்ச்சி மட்டும்தான் என்றால் அந்தக் காரணங்களுக்கு அங்கே என்ன வேலை?