வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் கை கால் நிதானமும் வேகமும் குறையுமா?

குறையலாம். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதைப் பொறுத்தது. நீங்கள் கேட்பதைப் பார்த்தால், ‘குடித்திருக்கிறாயா’ என்று யாரோ உங்களைக் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. என்னைக் கேட்டார்கள்.

நான் தையல்காரன். ஒன்பது வருடமாகப் பெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரை, நாளைக்கு 300 மில்லிகிராம். ஒரு தொந்தரவும் இல்லை. நடுவில் ஒருமுறை வலிப்பு வந்ததால் 400 ஆக்கினார்கள். மூன்றாவது வாரம் ஊசி இரண்டாகத் தெரிந்தது. தையல் கோணிக்கொண்டு போனது. மோட்டார் மெஷினில் துணியைத் திருப்பும்போது பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். எடுக்கத்தான் நினைத்தேன், கால் அரை நொடி கழித்துத்தான் வந்தது. அதற்குள் இடது ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி இறங்கி உள்ளேயே முறிந்துவிட்டது. ஓடி வந்த முதலாளி விரலைப் பார்க்கவில்லை, என் வாயை மோந்து பார்த்தார்.

டாக்டர், ஒரு காலின் விரல் நுனியை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து நேராக நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் சுவரைப் பிடித்தேன். ரத்தத்தில் மருந்து ஒரு மில்லிக்கு 34 மைக்ரோகிராம். இருக்க வேண்டியது 10 முதல் 20. 20ஐத் தாண்டினால் கண்மணி தானாக ஆடும், 30ஐத் தாண்டினால் நடை தள்ளாடும் என்றார். ஒரே ஒரு மாத்திரைதானே கூடியது என்றேன். இந்த மருந்தை ஈரல் ஓரளவுக்குத்தான் கழிக்குமாம். அதற்கு மேல் போடுவதெல்லாம் ரத்தத்தில் தேங்கிவிடும். 350க்குக் குறைத்தார். பத்து நாளில் ஊசி ஒன்றானது.

‘மருந்தைக் காட்டிப் பயமுறுத்தாதே’ என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: நான் ஒரு வேளைகூட விட்டதில்லை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லா மாத்திரையும் இப்படி இல்லை. என் மச்சினிக்கு லெவடிராசிட்டம். தூக்கமும் கோபமும்தான் (கோபம் முன்பே உண்டு என்பது வேறு விஷயம்). தள்ளாட்டம் இருந்தால் ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அதுவரை வண்டி, மெஷின் பக்கம் போகாதீர்கள்.

அந்த ஒரு மாதம் கை மெதுவாகிவிட்டது என்று பீஸ் கூலியில் பிடித்தார்கள். சரி, போகட்டும். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் லைனிங் ரவிக்கைக்குத் துணி கொண்டுவந்து, மூன்று வருடப் பழைய அளவு ரவிக்கையையும் நீட்டி, ‘இதே அளவு, ஆனா கொஞ்சம் லூசா, ஆனா பிடிப்பா இருக்கணும்’ என்கிறார்களே, அவர்களிடம் யார் போய்க் கேட்பது? சரியாக வரவில்லை என்றால் அதற்கும், ‘அந்த டெய்லருக்கு ஃபிட்ஸ் வருமாமே’ என்றுதான் பேச்சு.