அப்பா விட்ட இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவலகம் முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலுமாக எட்டு வாரம் உழைத்து என் மகளுக்கு ஒரு படிக்கும் மேசை செய்தேன். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். நான்கு பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி மேல்பலகை செய்தேன். அது வளைந்துவிடக் கூடாது என்று அடியில் குறுக்கே இரண்டு சட்டங்கள் வைத்துப் பசை தடவி, ஒவ்வொன்றிலும் ஆறு ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். சூளையில் உலர்த்திய நல்ல மரம். ஒரு வீடியோவில் காட்டியபடியேதான் எல்லாம் செய்தேன். ஏழாவது மாதம், நடுராத்திரியில் ‘டப்’பென்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் மேசையின் நடுவில் நெடுக விரிசல். ஒட்டிய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி ஓடுகிறது. மகள் அதில் தன் ஸ்கேலைச் செருகி வைக்கிறாள். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

எந்தப் பசை வாங்கியிருக்க வேண்டும்? ஸ்க்ரூவை இன்னும் நெருக்கமாகப் போட்டிருக்கலாமா? இனி பிளைவுட்டுக்கே போய்விடட்டுமா? ‘இதற்கு ஆன செலவில் கடையிலேயே வாங்கியிருக்கலாம்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்குக் கைவேலை வராது என்று விட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒரு பழைய கதவைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா செய்த கதவு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் திட்டிவிடுகிறேன்.

எந்தப் பசை என்று கேட்கிறீர்கள். விரிசல் ஒட்டிய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பசை விடவில்லை, மரம்தான் விட்டது. பலகைகளின் விளிம்பை ஒழுங்காக இழைத்து, நாரும் நாரும் ஒரே வாக்கில் படும்படி ஒட்டினால், சாதாரண வெள்ளைப் பசைகூட மரத்தைவிடப் பலமாகப் பிடிக்கும். உங்கள் பசை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. அந்த ஒட்டைச் செய்த கைக்கு வேலை வராது என்று சொல்ல எப்படி மனசு வந்தது உங்களுக்கு? எட்டு வாரம் செய்த மேசையின் முன்னால் எட்டு நிமிடம் குனிந்து, விரிசல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று பார்த்திருந்தால், எனக்கு இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டீர்கள்.

செலவுக் கணக்குக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. மகளுக்காக ஒருவர் எட்டு வாரம் மரத்தூளில் நின்றதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியாது. பிளைவுட் நல்ல பொருள்தான், அதில் செய்வதில் ஒரு குறைவும் இல்லை. மெல்லிய ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டியிருப்பதால் ஒரு ஏட்டின் அசைவை அடுத்த ஏடு பிடித்துக்கொள்கிறது. ஆனால் மரம் உங்களைத் தோற்கடித்துவிட்டது என்ற கோபத்தில் அங்கே போகாதீர்கள். மரத்தைத்தான் நீங்கள் கட்டிப்போட்டீர்கள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அறுத்து, உலர்த்தி, இழைத்து, வார்னிஷ் அடித்த பிறகும் மரம் அசைந்துகொண்டேதான் இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் பருக்கும், இறங்கினால் சுருங்கும். நூறு வருடத்துப் பலகையும் அப்படித்தான். ‘சூளையில் உலர்த்திய மரம், இனி அசையாது’ என்று நம்புகிறவர்கள் எத்தனை பேர்! சூளை மரத்திலிருக்கும் ஈரத்தை இறக்குகிறது, அவ்வளவுதான். காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கும் குணத்தை அதனால் எடுக்க முடியாது. வார்னிஷாலும் முடியாது. அது அந்தக் கொடுக்கல் வாங்கலைத் தாமதமாக்கும். (மேல்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்துவிட்டு, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அடிப்பக்கத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் வாங்கி, பலகை கிண்ணம் மாதிரி குழிந்துவிடும். நீங்கள் அடிப்பக்கமும் அடித்தீர்களா என்று எழுதவில்லை.)

அசைவதும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருக்காது. மழையில் நனைந்த புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். நன்றாகத் தடித்துப் போயிருக்கும், ஆனால் பக்கத்தின் உயரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காகிதமும் மரநார்தானே. நார்கள் படுத்த வாக்கில் கிடக்கின்றன. நார் ஈரத்தைக் குடித்தால் பருக்கும், நீளம் மாறுவது மிகக் குறைவு. பலகையிலும் அதேதான். உங்கள் மேசையின் 120 செ.மீ. நீளம் வருடம் முழுக்க மாறுவது ஒரு பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். 60 செ.மீ. அகலத்தின் கதை வேறு. மரத்திலுள்ள ஈரம் 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால், மர வகையையும் பலகையை அறுத்த விதத்தையும் பொறுத்து 3 முதல் 6 மி.மீ. வரை அகலம் குறையும். அடிமரத்தின் வளர்ச்சி வளையங்களைத் தொட்டுக்கொண்டு போகிற திசையில் சுருக்கம் அதிகம், அதன் நடுவிலிருந்து வெளியே போகிற திசையில் ஏறக்குறைய அதில் பாதி. அறுத்த பலகையின் முனையைத் திருப்பி, வளையங்கள் எப்படிப் படுத்திருக்கின்றன என்று தச்சர்கள் பார்ப்பது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் குறுக்குச் சட்டத்துக்கு வாருங்கள். அதன் நார் மேசையின் அகலவாக்கில் ஓடுகிறது. நீளவாக்கில் மரம் அசையாது, ஆகவே சட்டம் அசையாது. மேல்பலகையோ அகலத்தில் சுருங்கியே ஆக வேண்டும். அசையாத ஒன்றையும் அசைந்தே தீர வேண்டிய ஒன்றையும் பசை போட்டு ஒட்டி, அது போதாது என்று பன்னிரண்டு ஸ்க்ரூவும் போட்டீர்கள். ஏழு மாதம் பலகை இழுத்துப் பார்த்திருக்கிறது. நாரை நீளத்தில் பிய்ப்பதுதான் கடினம், பக்கவாட்டில் பிளப்பது சுலபம். விறகு பிளந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். காற்று வறண்ட ஒரு ராத்திரியில், இருப்பதிலேயே பலவீனமான நாரில் அது விட்டுக்கொடுத்தது. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். ஸ்க்ரூவை இன்னும் நெருக்கமாகப் போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் கேட்டிருக்கும்.

அந்த வீடியோவையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் மேசைக்கு வயது எத்தனை? கடைசியாகத் துணியால் எண்ணெய் தடவி, மரம் பளபளக்கும்போது இசை போட்டு முடித்துவிடுகிறார்கள். அடுத்த கோடையில் அந்த மேசை எப்படி இருந்தது என்று காட்டுகிறவர் மிகக் குறைவு. காட்டுகிறவரைத் தேடிக் கண்டுபிடித்து அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, கதவு.

அப்பாவுக்கு எழுத்து வேலை. தச்சு அவருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தொழில். எங்கள் வீட்டு உள்ளறைக் கதவை அவர்தான் செய்தார். நான்கு பக்கமும் சட்டம், சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், காடிக்குள் பலகை. கதவுக்குப் பச்சை பெயின்ட். ஒவ்வொரு வருடமும் காற்று வறளும் மாதங்களில் அந்தப் பலகையின் இரண்டு ஓரத்திலும், சட்டத்தை ஒட்டி, நகத்தின் தடிமனுக்குப் பெயின்ட் படாத வெள்ளை மரம் ஒரு கோடாகத் தெரியும். மழை வந்தால் கோடு மறைந்துவிடும். சின்ன வயதில் அது எனக்கு ஒரு அதிசயம். பத்தொன்பது வயதில் அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்தது.

அப்பா வெளியூர் போயிருந்த ஒரு வாரம் நான் அதைச் ‘சரி செய்தேன்’. மரத்தூளையும் பசையையும் குழைத்து, மெல்லிய தகட்டால் காடிக்குள் ஆழமாகத் தள்ளி அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பச்சை பூசினேன். கோடே தெரியவில்லை. அப்பா வந்தார். கதவின் முன்னால் நின்று கட்டைவிரல் நகத்தால் அந்த ஓரத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிப் பார்த்தார். “எவ்வளவு ஆழம் போட்டே?” என்று மட்டும் கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பெருமையாகச் சொன்னேன்.

மழைக்காலத்தில் கதவு நிலையில் முட்டியது. பருத்த பலகைக்குப் போக இடமில்லை, சட்டத்தைத் தள்ளிவிட்டது. மேல்மூலையில் பொருத்து வாய் திறந்திருந்தது. நான் இழைப்புளியை எடுத்துக் கதவின் விளிம்பைச் சீவினேன். கதவு சாத்தியது. அப்பா அதையும் பார்த்தார். பிறகு மழை போய்க் காற்று வறண்டது. ஒரு பிற்பகல், உங்களுக்குக் கேட்ட அதே சத்தம். பலகை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளந்திருந்தது. நான் சீவிய விளிம்பில் இப்போது ஒரு விரல் நுழைகிற சந்து, காற்றடித்தால் கதவு தடதடக்கும். ஒரே ஒரு கோட்டை மறைக்கப் போய் மூன்று இடத்தில் பழுது.

அப்பா என்னைத் திட்டவில்லை. கீல்களைக் கழற்றிக் கதவை இரண்டு ஸ்டூல் மேல் படுக்க வைத்தார். மூன்று மாலை, தேய்ந்துபோன ஒரு ரம்ப அலகால் காடிக்குள் நான் அடைத்ததையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுத்தார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மாலை, தலை நிமிராமல், “அது பழுது இல்லம்மா. நான் விட்ட இடம்” என்றார்.

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சீவிய விளிம்பில் ஒரு மெல்லிய ரீப்பர் ஒட்டினார். விரிசலை ஒன்றும் செய்யவில்லை, அப்படியே விட்டுவிட்டார். அடுத்து அவர் செய்த அலமாரிக் கதவில், பலகைக்கு முதலில் பெயின்ட் அடித்துக் காயவைத்து, அப்புறம்தான் சட்டத்துக்குள் இறக்கினார். அதில் வெள்ளைக் கோடு தெரியவே தெரியாது, ஓரத்திலும் பச்சை இருக்குமே. என் பத்தொன்பது வயதுக்கு உறுத்திய குறையை அவர் அங்கே சரி செய்துவிட்டார், இடத்தை மட்டும் விட்டுவைத்தபடி. எனக்கு அது புரிவதற்கு அவர் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வறண்ட மாதங்களில் இன்றைக்கும் அந்தக் கதவின் விரிசலில் ஒரு சாவியின் முனை நுழையும். மழையில் காகிதம்கூட நுழையாது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் போய்ச் சாவியால் பார்த்தேன், நுழைந்தது.

ஆகவே க., இழுப்பறை செய்தாலும், பெட்டிக்கு மூடி செய்தாலும், மரம் எந்தப் பக்கம் போகப் போகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஈரமான மாதத்தில் செய்தால் அளவு கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், வறண்ட மாதத்தில் செய்தால் தளர்வு வேண்டும். வாங்கி வந்த பலகையை உடனே அறுக்காமல், பொருள் இருக்கப்போகும் அறையிலேயே, காற்றுப் போக இடையில் குச்சிகள் வைத்து, சில வாரம் அடுக்கி வையுங்கள். சுத்தியலின் தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் பலருக்கும் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காம்பு இரும்புக்குள் பருத்து நசுங்கும், காய்ந்ததும் முன்னைவிட மோசமாக ஆடும். அதுவும் மரத்துக்கு இடம் கொடுக்காததால் வரும் வினைதான்.

உங்கள் மேசையைத் தூக்கிப் போடாதீர்கள். கவிழ்த்து வைத்துப் பன்னிரண்டு ஸ்க்ரூவையும் கழற்றுங்கள். சட்டங்கள் பசையில் பிடித்திருக்கும், பொறுமையாக உளியால் சீவி எடுங்கள். ஒரே மூச்சில் நெம்பினால் மேல்பலகையின் நாரும் கூடவே வந்துவிடும். சட்டம் போனதும் விரிசல் தானாகக் கொஞ்சம் மூடிக்கொள்ள வாய்ப்பு உண்டு. மூடினால் பசையை உள்ளே தள்ளி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். கையால் அழுத்தியும் மூடவில்லை என்றால் கிளாம்பால் நெருக்கி மூடப் பார்க்காதீர்கள். விரிசலோடு நெடுக அறுத்து, இரண்டு விளிம்பையும் இழைத்து, புதிதாக ஒட்டுங்கள். அகலத்தில் சில மி.மீ. போகும், போகட்டும்.

பிறகு புதிய சட்டங்கள், பசை இல்லாமல். நடுவில் ஒரு ஸ்க்ரூ மட்டும் இறுக்கமாக. மற்ற ஸ்க்ரூக்களுக்குச் சட்டத்தில் போடும் துளை, மேசையின் அகலவாக்கில் நீண்டிருக்க வேண்டும். அருகருகே இரண்டு மூன்று துளை போட்டு, நடுவிலிருப்பதை உளியால் எடுத்துவிட்டால் போதும், அதற்கு மெஷின் வேண்டாம். ஸ்க்ரூ தலைக்கு அடியில் ஒரு வாஷர். வாஷர் சட்டத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சுற்று சுற்றத் தோன்றும், சுற்றாதீர்கள்.

மகளிடம் அந்த ஸ்கேலைக் கேட்டு வாங்குங்கள். அல்லது அவளையே செய்யச் சொல்லுங்கள், இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை மேசையின் அகலத்தை ஒரே இடத்தில் அளந்து, அடிப்பக்கத்தில் பென்சிலால் தேதியும் அளவும் எழுதட்டும். அவள் ஸ்கேல் 60 செ.மீ. எட்டாது, டேப் ஒன்று கொடுங்கள். பன்னிரண்டு மாதம் ஆனதும் அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள். கதவை நானும் அதே தேதிகளில் அளக்கிறேன்.